பட்டியலில் இல்லாத ஊர்

தூத்துக்குடி ரயில் நிலையத்துக்கு ரயில்வே வைத்திருக்கும் குறியீடு டி.என். அதே இரண்டு எழுத்து வண்டியின் நம்பர் பிளேட்டில் ஏறினால் தமிழ்நாடு முழுவதையும் குறிக்கும். பின்னால் 69 என்ற எண் வந்தால்தான் வண்டி தூத்துக்குடிக்காரருடையது. ஐ.எஸ்.ஓ. எனப்படும் சர்வதேசத் தர அமைப்பின் நாட்டுக் குறியீடுகளில் டி.என். என்பது துனிசியா. அதனால் புள்ளி டி.என். என்று முடியும் இணைய முகவரிகள் வட ஆப்பிரிக்காவுக்குச் சொந்தம். விமான டிக்கெட்டில் இந்த ஊர் டி.சி.ஆர். சரக்குக் கப்பல்களின் ஆவணங்களில் ஐ.என்.டி.யு.டி.

ரயில்வே, விமான நிறுவனங்கள், கப்பல் கம்பெனிகள் என ஒவ்வொரு துறையும் தன் தேவைக்கேற்ப ஒரு பட்டியல் போட்டுக்கொண்டது. அதில் ஊருக்கு ஓர் இடம் கொடுத்தது. இணையத்துக்கும் அப்படியொரு பட்டியல் உண்டு. முகவரியின் கடைசிச் சொல்லாக எவையெல்லாம் வரலாம் என்று சொல்லும் அந்தப் பட்டியலை ஐகேன் என்ற அமைப்பு கலிபோர்னியாவிலிருந்து நிர்வகிக்கிறது. டாட் காம், டாட் இன் போன்ற அந்தக் கடைசிச் சொற்களை இங்கே ஈறு என்றே சொல்லலாம். பெர்லின், பாரிஸ், லண்டன், டோக்கியோ ஆகியவை இன்று ஈறுகள். துறைமுக நகரங்களில் ஹாம்பர்க், டர்பன், யோகோஹாமா உண்டு. இந்திய நகரம் ஒன்றுகூட இல்லை.

2012இல் ஐகேன் கதவைத் திறந்தபோது உலகம் முழுவதிலிருந்தும் 1,930 விண்ணப்பங்கள் வந்தன. அவற்றில் 66 விண்ணப்பங்களை இடப்பெயர் என்று விண்ணப்பித்தவர்களே குறிப்பிட்டிருந்தார்கள். ஒரு விண்ணப்பத்துக்குக் கட்டணம் 1,85,000 டாலர். அடுத்த சுற்றுக்கான கதவு 2026 ஏப்ரல் 30 முதல் ஆகஸ்ட் 12 வரை என்று அறிவிக்கப்பட்டது. கட்டணம் 2,27,000 டாலர், நம் கணக்கில் ஏறக்குறைய இரண்டு கோடி ரூபாய். தூத்துக்குடி என்ற பெயரை யாராவது கேட்டால் அந்த விண்ணப்பத்தை எப்படி எடைபோடுவார்கள், ஊர்க்காரர்களை யாராவது ஒரு வார்த்தை கேட்பார்களா என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. கேட்கவேண்டிய கட்டாயம் பெரும்பாலும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏன் இல்லை என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

2012ஆம் ஆண்டின் விண்ணப்பதாரர் கையேட்டில் இடப்பெயர்களுக்கென்று தனிப் பகுதி உண்டு. நாட்டின் பெயரை யாருக்கும் கொடுப்பதில்லை. முழுப்பெயரானாலும் சுருக்கப்பெயரானாலும், எந்த மொழியில் எழுதினாலும், மூன்றெழுத்துக் குறியீடாக வந்தாலும் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். இரண்டெழுத்து ஆங்கிலச் சேர்க்கைகள் எல்லாமே நாடுகளுக்கென்று ஒதுக்கப்பட்டவை. இதற்கு அடுத்த வகை, கேட்கலாம், ஆனால் உரிய அரசின் சம்மதக் கடிதம் வேண்டும் என்ற வகை. நாட்டுத் தலைநகரங்கள் எந்த மொழியிலும் இதில் அடங்கும். ஐ.எஸ்.ஓ. 3166-2 என்ற பட்டியலில் உள்ள மாநில, மாவட்ட, மாகாணப் பெயர்கள் எழுத்துப் பிசகாமல் பொருந்தினால் அடங்கும். கண்டங்கள், ஐ.நா. வகுத்த வட்டாரங்கள் போன்றவற்றுக்கு அந்த வட்டார நாடுகளில் 60 சதவீதத்தின் ஆதரவு வேண்டும்; எழுத்துப்பூர்வமான எதிர்ப்பு ஒன்றுக்கு மேல் இருக்கக்கூடாது.

மிச்சமிருப்பவை தலைநகரமல்லாத நகரங்கள். இங்கேதான் கையேடு தடுமாறுகிறது. நகரப் பெயர்களுக்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட பட்டியல் எதுவும் கிடையாது. பல நகரங்களின் பெயர் ஒன்றாகவே இருக்கிறது. சில பெயர்கள் வணிகப் பெயர்களாகவும் பொதுச் சொற்களாகவும் புழங்குகின்றன. கையேடே இதை ஒப்புக்கொள்கிறது. அதனால் அது பெயரை விட்டுவிட்டு விண்ணப்பதாரரின் நோக்கத்தைப் பிடித்துக்கொண்டது. அந்த நகரத்தோடு தொடர்புடைய காரியங்களுக்காகவே முதன்மையாக ஈறைப் பயன்படுத்தப்போவது விண்ணப்பதாரரின் சொற்களிலிருந்து தெளிவாகத் தெரிய வேண்டும். கேட்கும் பெயரும் நகரத்தின் அதிகாரபூர்வ ஆவணங்களில் உள்ள பெயராக இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் கடிதம் கட்டாயம். "ஊருக்காகக் கேட்கிறேன்" என்று வருபவர் ஊரின் அனுமதியோடு வர வேண்டும். "என் முத்துமாலை வியாபாரத்தின் பிராண்டுக்காகக் கேட்கிறேன்" என்று வருபவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. உள்ளதைச் சொல்பவருக்கு ஒரு படி கூடுதல் வேலை வைக்கும் விதி இது.

இதைப் பரிசோதித்தது இடப்பெயர்க் குழு. 2012 சுற்றில் எகனாமிஸ்ட் இன்டலிஜன்ஸ் யூனிட், இன்டர்கனெக்ட் கம்யூனிகேஷன்ஸ் என்ற இரு நிறுவனங்கள் அந்த வேலையைச் செய்தன. இடப்பெயர் என்று தாமாகச் சொன்ன 66 விண்ணப்பங்களை மட்டும் பார்த்துவிட்டு அவர்கள் நிறுத்தவில்லை. எல்லா விண்ணப்பங்களையும் பட்டியல்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஓர் இந்தியக் குழுமம் சிக்கியது அப்படித்தான்.

டாடா சன்ஸ் தன் பெயரையே ஈறாகக் கேட்டது. ஜாம்ஷெட்பூரிலிருந்து மும்பை வரை அந்தப் பெயரைப் பற்றி யாருக்கும் சந்தேகம் இருக்கமுடியாது. ஆனால் மொராக்கோவின் தெற்கே, சகாரா விளிம்பில், சுமார் 1.2 லட்சம் பேர் வாழும் மாகாணம் ஒன்றின் பெயரும் டாடா. அது ஐ.எஸ்.ஓ. 3166-2 பட்டியலில் இருக்கிறது. விண்ணப்பதாரர் எந்த நோக்கத்தோடு கேட்கிறார் என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. பட்டியலில் உள்ள பெயரென்றால் மொராக்கோ அரசிடமிருந்து தடையில்லாச் சான்று வர வேண்டும். டாடாமோட்டார்ஸ் என்று சேர்த்துக் கேட்ட இன்னொரு விண்ணப்பத்துக்கு இந்தச் சிக்கல் எழவில்லை, ஏனென்றால் அப்படியொரு மாகாணம் இல்லை. இன்றைக்கு இணையத்தின் மூலப் பட்டியலில் டாடாமோட்டார்ஸ் இருக்கிறது, டாடா இல்லை. மதுக்கடையைக் குறிக்கும் பார் என்ற ஆங்கிலச் சொல்லைக் கேட்ட மெக்சிகோ நிறுவனமும் இதேபோல், மொண்டிநீக்ரோவில் அதே பெயருள்ள கடலோர நகராட்சியின் சம்மதத்தைத் தேட வேண்டியிருந்தது. அதற்குக் கிடைத்தது, ஈறும் வந்தது.

இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு தூத்துக்குடியைப் பாருங்கள். 2011 கணக்கெடுப்பில் 17.5 லட்சம் மக்கள்தொகை கொண்ட மாவட்டம். நாட்டின் பெருந்துறைமுகங்களில் ஒன்று இங்கே இருக்கிறது. உப்பு உற்பத்தியில் தமிழ்நாட்டுக்குக் குஜராத்துக்கு அடுத்த இடம் பெரிதும் இந்தக் கரையால் வந்தது. ஆனால் ஐ.எஸ்.ஓ. 3166-2 இந்தியாவைப் பொறுத்தவரை மாநிலங்களோடும் யூனியன் பிரதேசங்களோடும் நின்றுவிடுகிறது. மாவட்டங்கள் அதில் இல்லை. மொண்டிநீக்ரோவின் நகராட்சிக்கும் மொராக்கோவின் மாகாணத்துக்கும் கிடைக்கும் தானியங்கிப் பாதுகாப்பு நம் மாவட்டம் எதற்கும் கிடையாது. அந்தப் பட்டியல் இணையத்துக்காகப் போடப்பட்டதும் அல்ல. நாடுகளின் உட்பிரிவுகளைத் தகவல் பரிமாற்றத்தில் சுருக்கமாகக் குறிக்க உருவான ஏற்பாடு அது. ஒரு நாட்டில் எந்த அடுக்கு வரை எழுதப்பட்டது என்பது அதன் நிர்வாக அமைப்பைப் பொறுத்தது. வேறொரு வேலைக்காகச் செய்த அந்தப் பட்டியலை எடுத்து, யாருக்கு எந்தப் பெயரில் உரிமை என்று தீர்மானிக்கும் அளவுகோலாக்கியிருக்கிறார்கள்.

இன்னொரு நுட்பம் இருக்கிறது. நாடு, தலைநகர் என்று பேசும்போது "எந்த மொழியிலும்" என்று சொல்லும் கையேடு, மாநிலங்கள் என்று வரும்போது பட்டியலில் உள்ளதோடு துல்லியமாகப் பொருந்தினால் என்றுதான் சொல்கிறது. பட்டியலில் தமிழ்நாடு ஆங்கில எழுத்தில் இருக்கிறது. விதியை எழுத்துக்கு எழுத்து வாசித்தால், தமிழ் எழுத்தில் எழுதிய தமிழ்நாடு அந்தப் பொருத்தத்துக்குள் வருமா என்று ஒரு வக்கீல் வாதிட இடமிருக்கிறது. தமிழ்நாட்டுக்குத் தமிழில்தான் பாதுகாப்பு குறைவு என்பது சிரிக்கவேண்டிய விஷயமா என்று தெரியவில்லை.

மன்னார் வளைகுடாவுக்கு வருவோம். முத்துக்குளித்துறை என்று பெயர் வாங்கிய கரை இது. கொற்கையின் முத்து கிரேக்கக் கடலோடிகளின் எரித்ரேயக் கடல் குறிப்பேட்டில் ஏறியது. தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961இல். தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவில் உள்ள 21 தீவுகளைச் சேர்த்து 1986இல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா வந்தது. 1989இல் உயிர்க்கோளக் காப்பகம். 1976இல் இந்தியாவும் இலங்கையும் உடன்பாடு போட்டு இதே வளைகுடாவின் நடுவே எல்லைக்கோடு கிழித்துக்கொண்டன. ஆக, கடலுக்கு எல்லை வகுத்தாயிற்று. பெயருக்கு?

இலங்கை தன் மாகாணங்களையும் 25 மாவட்டங்களையும் ஐ.எஸ்.ஓ. பட்டியலில் வைத்திருக்கிறது. மன்னார் மாவட்டத்தின் குறியீடு எல்.கே.-43. எனவே தூத்துக்குடியிலோ கீழக்கரையிலோ ஒரு மீனவர் கூட்டுறவு அமைப்பு, தங்கள் வளைகுடாவின் பெயரென்று மன்னாரை ஆங்கில எழுத்தில் ஈறாகக் கேட்டால், கொழும்பிடம் தடையில்லாச் சான்று வாங்க வேண்டியிருக்கும். அதே பெயரை மன்னார் வளைகுடா என்று சேர்த்து எழுதினால் யாரிடமும் கேட்கவேண்டியதில்லை. கடல், வளைகுடா, ஆறு, மலை எதுவும் கையேட்டின் வகைகளில் இல்லை. மீனவர்கள் பெயர் வைத்துத் தலைமுறை தலைமுறையாக அடையாளம் சொல்லும், முத்துச்சிப்பி விளையும் கடலடிப் பார்கள் எந்த நாட்டுப் பட்டியலிலும் இல்லை என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

ஆற்றின் பெயர் பட்டியலில் இல்லாததால் வந்த பெரிய வழக்கு அமேசான். 2012இல் அமெரிக்க நிறுவனம் தன் வணிகப் பெயரைக் கேட்டது. இடப்பெயர்க் குழுவின் விதிகளில் அது இடப்பெயராகத் தேறவில்லை. நாடும் அல்ல, மாகாணமும் அல்ல, தலைநகரும் அல்ல. அதே ஆண்டு நவம்பரில் பிரேசிலும் பெருவும், தங்களுக்கு ஆட்சேபணை உண்டு என்று முன்னெச்சரிக்கை கொடுத்தன. ஐகேனுக்கு ஆலோசனை சொல்லும் அரசுகளின் குழு 2013 ஜூலையில் டர்பனில் கூடியபோது, விண்ணப்பத்தை மேலே கொண்டுபோக வேண்டாம் என்று ஒருமனதாகச் சொன்னது. 2014 மே மாதம் ஐகேன் அதை ஏற்று விண்ணப்பத்தை நிறுத்தியது. நிறுவனம் சுயேச்சை மறுஆய்வுக்குப் போனது. 2017 ஜூலையில் தீர்ப்பு நிறுவனத்தின் பக்கம் விழுந்தது. அரசுகள் ஒருமனதாகச் சொன்னதாலேயே அதைக் கேள்வியின்றி ஏற்கமுடியாது, நியாயமான பொதுநலக் காரணம் இருக்கிறதா என்று ஐகேன் தானே பார்த்திருக்க வேண்டும் என்பது அதன் சாரம். பிறகு அமேசான் வடிநிலத்தின் எட்டு நாடுகளோடு நடந்த பேச்சு எங்கும் போய்ச் சேரவில்லை. 2020இல் ஈறு நிறுவனத்தின் கைக்குப் போனது. அதே 2012 சுற்றில் படகோனியா என்ற பெயரைக் கேட்ட உடுப்பு நிறுவனம், அர்ஜென்டினாவும் சிலியும் எதிர்த்ததும் 2013இலேயே விலகிக்கொண்டது. விதி இரண்டு பெயருக்கும் ஒன்றுதான். வழக்கு நடத்தும் தெம்பும் பொறுமையும் யாரிடம் இருந்தன என்பதே முடிவை மாற்றியது.

அதே டர்பன் கூட்டத்தின் அறிக்கையில் இந்தியாவின் குரலும் பதிவாகியிருக்கிறது. இந்தியன்ஸ் என்று ரிலையன்ஸ் இண்டஸ்ட்ரீஸும், ராம் என்று கிரைஸ்லர் கார் நிறுவனமும் கேட்டிருந்த விண்ணப்பங்களை அனுமதிக்கக்கூடாது என்று இந்திய அரசு தெரிவித்த கவலையை அரசுகளின் குழு குறித்துக்கொண்டது. கிரிக்கெட் அணி ஒன்றின் பெயரில் பாதி, சரக்கு வண்டி ஒன்றின் பிராண்டு. எதுவும் இடப்பெயர் இல்லை. பட்டியலுக்கு வெளியே உள்ள பெயருக்காகவும் ஓர் அரசு கைதூக்கிப் பேசலாம் என்பதற்கு இது நம் வீட்டு உதாரணம். டெல்லி ஒரு தேசத்தின் மக்களுக்காகவும் ஒரு தெய்வத்தின் பெயருக்காகவும் பேசியது. ஒரு மாவட்டத் தலைநகரின் பெயருக்காகப் பேசுமா என்பது வேறு சங்கதி. பேச வேண்டியது மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம். அந்தக் குழுவில் இந்தியாவின் இருக்கை அதனிடம் இருக்கிறது.

இனி ஊரின் பெயரே எது என்ற தகராறு. நகரப் பெயருக்கான விதியில் "அதிகாரபூர்வ ஆவணங்களில் உள்ளபடி" என்று வருகிறதே, எந்த ஆவணம்? 2008இல் அமைந்த மாநகராட்சி ஆங்கிலத்திலும் தூத்துக்குடி என்றே தன்னை எழுதிக்கொள்கிறது. 1923இல் அமைந்த கத்தோலிக்க மறைமாவட்டமும் அனல் மின் நிலையமும் ஆங்கிலத்தில் டூட்டிகோரின் என்றே எழுதிவந்திருக்கின்றன. துறைமுகம் 2011 வரை டூட்டிகோரின், அதன்பின் வ.உ.சிதம்பரனார். மாவட்டமே 1986இல் பிறந்தபோது சிதம்பரனார் மாவட்டம்; ஊர்ப்பெயரை அது பின்னால்தான் எடுத்துக்கொண்டது. 2020 ஜூன் மாதம் தமிழக அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துகளைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி ஓர் ஆணையை வெளியிட்டது. அதில் டூட்டிகோரின் போய், தகரத்துக்கும் ககரத்துக்கும் எழுத்து இரட்டித்த நீளமான ஒரு தூத்துக்குடி வந்தது. கேலியும் எதிர்ப்பும் கிளம்ப, சில நாட்களிலேயே ஆணை திரும்பப் பெறப்பட்டது. அந்தச் சில நாட்களுக்கு ஊரின் அதிகாரபூர்வ ஆங்கில எழுத்து மூன்றாவது ஒன்றாக இருந்தது.

மதிப்பீட்டுக் குழுவின் மேசையில் இந்தக் குழப்பத்துக்கு விலை உண்டு. டூட்டிகோரின் என்று கேட்டு வருபவர், "அது பழைய பெயர், நகரத்தின் இன்றைய ஆவணப் பெயர் அல்ல" என்று சொல்லலாம். கொலோன் நகரத்தின் ஜெர்மன் பெயர், ஆங்கிலப் பெயர் இரண்டும் ஈறுகளாக இருக்கின்றன. மாஸ்கோவுக்கு ரஷ்ய எழுத்திலும் ஆங்கில எழுத்திலும் தனித்தனி ஈறு. தூத்துக்குடிக்கு அந்த வழியில் போவதானால் மூன்று விண்ணப்பம், ஆறு கோடி ரூபாய் ஆகும். ஒரு மாநகராட்சி இந்தப் பணத்துக்குச் செய்யக்கூடிய வேலைகளின் வரிசையில் இது வெகு கீழேதான் வரும். அதில் எனக்கு மறுப்பில்லை.

முத்துநகர் என்ற செல்லப்பெயரின் கதை இன்னும் சுருக்கம். சென்னை எழும்பூரிலிருந்து ராத்திரி புறப்படும் ரயிலுக்கு அந்தப் பெயர் இருக்கிறது. ஊர்க்காரர் எவரும் அதைக் கேட்டால் தன் ஊரைத்தான் நினைப்பார். கையேட்டுக்கு அது வெறும் சொல். கோவில்பட்டிக் கடலைமிட்டாய் 2020இல் புவிசார் குறியீடு வாங்கியது. அந்தப் பாதுகாப்பும் இங்கே எடுபடாது. ஒயின் என்ற பொருளில் இரண்டு ஈறுகள் வந்தபோது, பிரான்ஸ் தன் புவிசார் குறியீடுகளைக் காக்க எவ்வளவோ போராடியும் கையேட்டை அசைக்கமுடியவில்லை.

தமிழ் எழுத்தில் இன்று மூலப் பட்டியலில் உள்ள ஈறுகள் மூன்று: 2010இல் இலங்கை, 2011இல் சிங்கப்பூர், இந்தியா. மூன்றும் நாட்டுப் பெயர்கள். அவை வந்த வழி வேறு. ஆட்சிமொழியில் தன் பெயரை ஈறாக்க நாடுகளுக்கென்று 2009 நவம்பரில் திறந்த விரைவுப் பாதை அது. இடப்பெயர்க் குழுவுக்கு அங்கு வேலை இல்லை. ஒரு தமிழ் நகரப்பெயர் இன்றுவரை அந்தக் குழுவின் முன் போனதில்லை. போனால் எழுத்துப் பரிசோதனையும் சேர்ந்துகொள்ளும். நாம் ஆறு எழுத்தாக வாசிக்கும் தூத்துக்குடி கணினிக்குப் பன்னிரண்டு குறியீடுகள். தமிழிலும் மலையாளத்திலும் ஒன்றுபோலத் தெரியும் எழுத்துகளைக் கலந்து ஏமாற்ற இடம் தரக்கூடாது என்பதற்கும் தனி விதிகள் இருக்கின்றன.

பட்டியல்களை இவ்வளவு குறைசொன்ன பிறகும், பட்டியலே வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. பட்டியலுக்கு வெளியே நடந்த அமேசான் சண்டைக்கு எட்டு வருடம் பிடித்தது. ஒவ்வோர் ஊர்ப்பெயருக்கும் உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் இன்னோர் ஊரோ கடையோ குடும்பப்பெயரோ இருக்கும். எல்லாப் பெயருக்கும் எல்லோரிடமும் அனுமதி என்றால் யாருக்கும் எதுவும் கிடைக்காது. 2017இல் தொடங்கி இந்தப் பிரச்சினைக்கென்றே ஐகேனில் கூடிய பணிக்குழு ஆறுகள், மலைகள், பூர்வகுடிகளின் நிலப்பெயர்கள் வரை விவாதித்துவிட்டு, 2012இன் விதிகளையே பெரும்பாலும் தொடரச் சொல்லி முடித்தது. வேறு எதிலும் அவர்களால் உடன்பட முடியவில்லை.

ஆனால் நோக்கத்தை வைத்து நகரங்களைப் பிரித்ததில் ஓர் அநீதி இருக்கிறது. அது வெளியே தெரிவது கடிதத்தின் மறுபக்கத்தைப் பார்க்கும்போதுதான். அரசு தரும் சம்மதக் கடிதத்தை அலுவலகங்களில் நாம் வாங்கும் என்.ஓ.சி. போல ஒரு சடங்காக நினைக்கக்கூடாது. எந்தப் பெயர், எதற்காக என்பது தெரிந்தே சம்மதிப்பதாக அதில் இருக்க வேண்டும். அரசு அதில் நிபந்தனை போடலாம். கையெழுத்திட்டவர் அதற்கு அதிகாரம் உள்ளவர்தானா என்று குழு சரிபார்க்கும். மாநகராட்சி ஆணையரா, சென்னைக் கோட்டையா, டெல்லி அமைச்சகமா என்ற கேள்வி நம் நாட்டில் தவறாமல் எழும். சந்தேகம் வந்தால் குழு டெல்லியைத்தான் கேட்கும். கடிதம் இல்லையென்றால் குறைந்தது 90 நாள் அவகாசம். அதற்குள்ளும் வராவிட்டால் விண்ணப்பம் முடிந்தது.

கடிதம் கொடுத்த அரசுக்கு இன்னொரு பிடியும் உண்டு. பின்னாளில் ஈறை நடத்தும் நிறுவனத்துக்கும் அந்த அரசுக்கும் தகராறு வந்தால், அரசின் எல்லைக்குள் உள்ள நீதிமன்றம் பிறப்பிக்கும் ஆணைக்குக் கட்டுப்படுவதாக ஐகேன் கையேட்டில் எழுதிக்கொடுத்திருக்கிறது. நிறுவனம் பனாமாவில் பதிவானதாக இருந்தாலும் தமிழ்நாட்டு நீதிமன்றத்தின் ஆணை செல்லும். ஊருக்காகக் கேட்கவில்லை என்று சொல்லிப் பெயரை வாங்கியவரிடம் ஊர் எந்தக் கடிதமும் கொடுத்திருக்காது. அவர் விஷயத்தில் அந்த வாக்குறுதி பொருந்தாது. மாநகராட்சிக்கு மிஞ்சுவது, விண்ணப்பங்கள் பகிரங்கமாகும் நாளில் பட்டியலை வாசித்து, ஊர்ப்பெயர் அதில் இருந்தால் குறித்த காலத்துக்குள் கருத்தோ சமூக ஆட்சேபணையோ பதிவு செய்வதும், டெல்லியை முன்னெச்சரிக்கை கொடுக்கவைப்பதும்தான். ஆட்சேபணைக்குக் கட்டணம் தனி.